முரட்டுக் குதிரையைப் புரிந்துகொண்டு பாதுகாப்பாகக் கையாள்வது: திருகோணமலையில் குதிரை வைத்திருப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாடு இரை எடுக்கவில்லை என்றால் தம்பலகாமத்திலோ கிண்ணியாவிலோ யாரைக் கேட்டாலும் ஒரு பதில் கிடைக்கும். தலைமுறை தலைமுறையாக மாட்டோடு வாழ்ந்த ஊர்கள் அவை. குதிரைக்கு அப்படி ஆள் கிடைப்பதில்லை. நெடுந்தீவில் குதிரைகள் கூட்டமாகத் திரிகின்றன, நுவரெலியாவில் மட்டக்குதிரைகள் இருக்கின்றன. திருகோணமலைப் பக்கம் குதிரை வைத்திருப்பவர் சந்தேகம் கேட்கவே ஆளைத் தேட வேண்டும். அதனால் குதிரை கடித்தாலோ உதைத்தாலோ முன்னங்காலைத் தூக்கினாலோ "இது முரடு" என்று முடிவுகட்டிப் பிரம்பை எடுத்துவிடுகிறோம். குதிரைக்கு அடி, ஆளுக்குக் காயம், பிரச்சினை அப்படியே இருக்கும்.

முரடு என்று பெயரெடுத்த குதிரைகளில் பெரும்பாலானவை வலியில் இருப்பவை, பயத்தில் இருப்பவை, அல்லது நாமே தெரியாமல் அப்படிப் பழக்கிவிட்டவை. பிறவியிலேயே முரடு என்பது மிக அரிது. ஆகவே முதலில் நீங்கள் அடிபடாத இடத்தில் நில்லுங்கள். அடுத்து அதன் உடம்பைப் பாருங்கள். அப்புறம் சுற்றுப்புறம். பயிற்சி கடைசியில்தான். இந்த ஒழுங்கை மாற்றிச் செய்தால் வலியோடு நிற்கிற மிருகத்தைத் திருத்துகிறேன் என்று வதைப்பதாக முடியும்.

குதிரை பார்ப்பதும் கேட்பதும்

குதிரை மற்ற மிருகங்களுக்கு இரையாக வாழ்ந்த மிருகம். ஆபத்து என்று தோன்றினால் முதலில் ஓடும், ஓட வழியில்லாவிட்டால்தான் திருப்பித் தாக்கும். இதை மனதில் வைத்தால் அதன் பாதி நடத்தை விளங்கிவிடும். மூலையில் மடக்கப்பட்ட குதிரையும், கட்டையில் குறுக்கிக் கட்டப்பட்ட குதிரையும் ஆபத்தானவையாவது இதனால்தான்.

கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை அதற்குத் தெரியும். தெரியாத இடங்கள் இரண்டு: நெற்றிக்கு நேர் முன்னும் மூக்குக்குக் கீழும் ஒரு துண்டு, வாலுக்கு நேர் பின்னால் ஒரு துண்டு. நேராக வந்து நெற்றியைத் தடவப் போனால் தலையை உதறும். பின்னால் சத்தமில்லாமல் வந்தால் உதைக்கும். இரண்டிலும் கோபம் இல்லை, திடுக்கிடல்தான்.

நம் உடம்பை அது படிக்கும் நுட்பமும் தெரிந்திருக்க வேண்டும். பேர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குக்கு விடையாகக் காலைத் தட்டிக் காட்டுகிறது என்று எல்லோரும் வியந்தார்கள். 1907இல் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் அதைச் சோதித்தார். சரியான எண் வரும்போது கேள்வி கேட்டவரின் தலையிலும் முகத்திலும் அவரே அறியாமல் ஏற்படும் மிகச் சிறிய அசைவைப் பார்த்து ஹான்ஸ் நிறுத்தியது தெரியவந்தது. கேட்டவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றால் குதிரைக்குத் தெரியும். பயமாக இருக்கும் நாளில் அந்த வேலையை வேறு ஒருவரிடம் கொடுப்பதுதான் புத்தி.

படி 1: அடிபடாமல் நிற்பது

பாட்டாச் செருப்போடும் சாரத்தோடும் குதிரைக்குப் பக்கத்தில் போகாதீர்கள். நம் வெக்கையில் மூடிய சப்பாத்து போடுவது கஷ்டம்தான். ஆனால் குளம்பு மிதித்தால் விரல் எலும்பு நொறுங்கும். ஏறும்போது ஹெல்மெட் கட்டாயம், அதுவும் குதிரைச் சவாரிக்கென்று செய்தது. ஒருமுறை பலமாக விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை வெளியில் வெடிப்புத் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். கடித்துப் பழகிய, உதைத்துப் பழகிய குதிரையோடு நிலத்தில் நின்று வேலை செய்யும்போதும் அதைத் தலையில் வைத்திருப்பது நல்லது.

அணுகும்போது பக்கவாட்டில், தோளை நோக்கி, மெல்லக் கதைத்துக்கொண்டு போங்கள். அது தலையையோ காதையோ உங்கள் பக்கம் திருப்பிய பிறகு முதலில் கழுத்திலோ தோளிலோ கையை வையுங்கள். நிற்பதற்கு நல்ல இடமும் தோளுக்குப் பக்கம்தான். பின்னங்கால் நேர் பின்னால் மட்டும் உதைக்கும் என்று நினைக்க வேண்டாம். மாடு உதைப்பதுபோலப் பக்கவாட்டில் முன்னோக்கியும் வீசும். முன்னங்காலால் அடிக்கும் குதிரையும் உண்டு, அதனால் நேர் முன்னாலும் நிற்காதீர்கள். பின்னால் சுற்றிப் போக வேண்டுமானால் நாலைந்து மீற்றர் தள்ளிப் போங்கள். இடம் இல்லாவிட்டால், பழகிய குதிரை என்றால் மட்டும், முதுகில் கையை வைத்தபடி உடம்போடு ஒட்டி நடக்கலாம். மிக நெருக்கத்தில் உதைக்கு வேகம் வராது. ஒரு மீற்றர், இரண்டு மீற்றர் தூரம்தான் எலும்பை முறிக்கும் தூரம்.

கயிறு விஷயத்தில் ஒரு விதிக்கு விலக்கே இல்லை: கையிலோ மணிக்கட்டிலோ இடுப்பிலோ கயிற்றைச் சுற்றக்கூடாது. மிச்சக் கயிற்றை நீள மடிப்பாக மடித்து உள்ளங்கையில் பிடியுங்கள். சுற்றிய கயிறு குதிரை ஓடினால் இறுகும், விரல் போகும், ஆளையும் இழுத்துக்கொண்டு போகும்.

கட்டும்போது முகக்கயிற்றில் கட்டுங்கள். கடிவாளத்தில் கட்டினால் இழுபட்டு வாய் கிழியும். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். கட்டும் உயரம் குதிரையின் தோள் மேட்டுக்கு (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) சமமாகவோ மேலாகவோ, கயிற்றின் நீளம் நீட்டிய ஒரு கை அளவு. நீளமாக விட்டால் கால் சிக்கும். தூண் அசையாததாக இருக்கட்டும். தூணுக்கும் கயிற்றுக்கும் இடையில் பலமாக இழுத்தால் அறுந்துபோகும் மெல்லிய சணல் வளையம் ஒன்று போடுங்கள். வெருண்டு பின்னால் இழுக்கும் குதிரையின் கழுத்தை அந்தச் சணல் காப்பாற்றும்.

படி 2: எச்சரிக்கையைப் படிப்பது

"சும்மா நின்றது, திடீரென்று கடித்தது" என்பார்கள். பெரும்பாலும் அதற்கு முன்பே அது பல தடவை சொல்லியிருக்கும். காதுகள் பிடரியோடு படிந்து ஒட்டுதல், மூக்குத் துவாரம் சுருங்குதல், வால் விசுக்கென்று வீசுதல், பின்பக்கத்தை உங்கள் பக்கம் திருப்புதல், பின்னங்கால் ஒன்றைத் தூக்கி வைத்தல், இவை கோப எச்சரிக்கை. தலை உயர்ந்து, கண் வெள்ளை தெரிந்து, உடம்பு விறைத்து, மூக்கால் சீறினால் அது பயம். காதுகள் இலேசாகப் பக்கவாட்டில் விழுந்து, கீழ் உதடு தொங்கி, ஒரு பின்னங்கால் மடிந்து நின்றால் ஓய்வு. அப்போதும் பேசாமல் போய்த் தொடக்கூடாது.

வலிக்கும் முகம் வேறு மாதிரி இருக்கும். காதுகள் விறைத்துப் பின்பக்கம் நிற்கும், கண்ணுக்கு மேல் தசை இறுகும், கண் பாதி மூடியிருக்கும், தாடைத் தசை புடைக்கும், வாய் இறுகி நாடி முன்னே தள்ளித் தெரியும். 2014இல் வெளியான குதிரை முகவலி அளவுகோல் இந்த அடையாளங்களை வைத்துத்தான் வலியைக் கணிக்கிறது. சவாரிக் குதிரைக்கு சூ டைசன் என்ற மிருக வைத்தியர் 24 நடத்தைகளின் பட்டியல் ஒன்றை உருவாக்கினார். வால் வீசுதல், வாயைத் திறந்தபடி போதல், தலையை ஆட்டுதல், முன்னே போக மறுத்தல் போன்றவை அதில் உண்டு. 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் தசையிலோ எலும்பிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். நாம் "சண்டித்தனம்" என்று சொல்பவை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இதைப் படித்த பிறகும் ஒரு குதிரையைக் கேள்வி கேட்காமல் அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

படி 3: உடம்பைப் பரிசோதிப்பது

அமைதியாக நிற்கும் குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் ஏறக்குறைய 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ். நல்ல நாளில் உங்கள் குதிரையின் அளவை எடுத்து எழுதி வையுங்கள். கெட்ட நாளில் ஒப்பிட அதுதான் உதவும்.

வாயிலிருந்து தொடங்கலாம். குதிரையின் பல் வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கு 2, 3 மில்லிமீற்றர் மேலெழும்பிக்கொண்டே இருக்கும். மென்று தேயும்போது ஓரங்கள் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் வெட்டும். தலையை உதறுவது, கடிவாளம் போட விடாதது, புல்லை மென்று உருண்டையாகத் துப்புவது எல்லாம் பல்லின் வேலையாக இருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது வைத்தியரைக் கொண்டு பல்லைப் பார்த்து அராவ வேண்டும்.

அடுத்து முதுகு. சேணத்தை எடுத்த பிறகு முதுகெலும்பின் இரு பக்கமும் விரல்களால் மெல்ல அழுத்தி வாருங்கள். தசை துடித்தாலோ முதுகைத் தாழ்த்தினாலோ வலி. வியர்வைப் படலத்துக்கு நடுவே காய்ந்த திட்டு இருந்தால் அந்த இடத்தில் சேணம் மிகவும் அழுத்துகிறது. பழைய காயத்தின் மேல் வெள்ளை மயிர் முளைத்திருந்தாலும் அதே கதை. வயிற்று வார் இறுக்கும்போது கடிக்கத் திரும்பும் குதிரைக்கு அங்கே புண்ணோ இரைப்பைப் புண்ணோ இருக்கலாம். குளம்பு 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவப்பட வேண்டும். இரு முன்னங்கால்களிலும் குளம்பு சூடாக இருந்து, நடக்க மறுத்து, பின்னங்கால்களில் பாரத்தைப் போட்டு நின்றால் அன்றே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு பிரச்சினை மணல். உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கம் நிலம் மணல்தான். தரையில் கொட்டிய தீனியோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கும். எரிச்சல், வயிற்றைத் திரும்பிப் பார்த்தல், வயிற்றைத் தொட விடாமை, கழிச்சல், கடைசியில் கடும் வயிற்று வலி. சோதிப்பது எளிது: தரையைத் தொடாத ஐந்தாறு உருண்டைச் சாணத்தைத் தெளிந்த பையில் தண்ணீர் விட்டுக் கரைத்துத் தொங்கவிடுங்கள், சிறிது நேரத்தில் மணல் அடியில் படியும். மணல் படியாவிட்டாலும் உள்ளே இல்லை என்று சொல்ல முடியாது. தீனியைத் தொட்டியிலோ றப்பர் விரிப்பின் மேலோ கொடுங்கள். இசப்கோல் உமி கொடுப்பதுண்டு, அளவை வைத்தியர் சொல்லட்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் வயிற்று வலி எப்போதும் அவசர விஷயம். நிலத்தில் உருண்டு, காலால் வயிற்றில் அடித்து, வியர்த்துக் கொட்டும் குதிரைக்குத் தீனியை நிறுத்தி உடனே ஆளை அழைக்க வேண்டும்.

இன்னொன்று வெக்கை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானம் மனிதருக்கே பொறுமை போகும். ஈரப்பதமான வெப்ப நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். மற்றக் குதிரைகள் நனைந்து நிற்க ஒன்று மட்டும் காய்ந்த தோலோடு மூச்சு வாங்கினால் அது சோம்பேறி இல்லை, நோயாளி. நிழலில் நிறுத்தி உடம்பு முழுதும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். குடிக்கவும் விடுங்கள். சாதாரண நாளிலேயே 25 முதல் 40 லீற்றர் வரை குடிக்கும், வெக்கையில் அதற்கும் மேல்.

கடைசியாக, விசர் நோய். சாதுவான குதிரை ஓரிரு நாளில் தலைகீழாக மாறி, தன்னையே கடித்து, தள்ளாடி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் நின்றால் தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று வாய்க்குள் கையை விடவே கூடாது. தெரு நாய் கடித்திருக்கலாம். தூரத்திலிருந்து அடைத்து வைத்து மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். எச்சில் பட்ட காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

படி 4: சுற்றுப்புறம்

குதிரை கூட்டமாக வாழும், நாளின் பெரும்பகுதியை மேய்ந்து கழிக்கும். நாம் அதைத் தனியாகக் கட்டி, காலையில் ஒருமுறை மாலையில் ஒருமுறை தவிடும் கடலையும் கொடுக்கிறோம். இடையில் வெறும் வயிறு, வெறும் சுவர். கட்டையைக் கடித்துக் காற்று உறிஞ்சுவதும் பக்கம் பக்கமாக ஆடிக்கொண்டே நிற்பதும் அங்கே பிறக்கின்றன. உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் காய்ந்த கணக்கில் நார்த்தீனி வேண்டும். 300 கிலோ மட்டக்குதிரைக்குப் பச்சைப் புல் என்றால் நாளுக்கு 20 கிலோவுக்கு மேல், பல தடவையாக. புல்லைக் கூட்டி, தானியத்தைக் குறைத்து, தினமும் சில மணி நேரம் அவிழ்த்துவிட்டாலே அடங்கிப்போகும் குதிரைகள் நிறைய. துணைக்கு இன்னொரு குதிரை இல்லாவிட்டால் ஆடு ஒன்றாவது பக்கத்தில் நிற்கட்டும்.

நம் தெருவில் வெருளவைக்கும் பொருட்களுக்குக் குறைவில்லை. ஓட்டோ, ஹோர்ன், நாய், பிரட்றிக் கோட்டைப் பக்கம் குறுக்கே பாயும் புள்ளிமான், கடற்கரையில் கரைவலைக் கயிறு, தோணியின் நங்கூரக் கயிறு. கயிறுகள்தான் மோசம், மணலில் பாதி புதைந்த கயிறு காலில் பட்டால் பழகிய குதிரையும் கலங்கும். வலை இழுக்கும் நேரத்தில் அந்தப் பகுதிக்கே போகாதீர்கள். கோயில் திருவிழாவில் வெடி போடும் இரவு சவாரி வேண்டாம். துணையோடும் புல்லோடும் உள்ளே வையுங்கள்.

படி 5: அழுத்தமும் விடுதலையும்

குதிரை கற்பது அழுத்தத்தால் இல்லை, அழுத்தம் நிற்கும் கணத்தால். கயிற்றை மெல்ல இழுக்கிறீர்கள்; அது ஒரு அடி முன்னே வைக்கிறது; அதே கணத்தில் கயிறு தளர வேண்டும். "முன்னே வந்தால் விடுவார்" என்று அது பதிந்துகொள்ளும். இரண்டு மூன்று விநாடி தாமதித்தால் பாடம் மாறிவிடும். இழுக்கும்போது தலையை உதறியது, நீங்கள் பயந்து விட்டுவிட்டீர்கள் என்றால் தலையை உதறக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான்.

வேலியடைத்த இடத்தில் நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். முதலில் முன்னே நடப்பது, நிற்பது. பிறகு பின்னே நகர்வது. அப்புறம் விரலால் இடுப்பைத் தொட்டால் பின்பக்கத்தை விலக்குவது, தோளைத் தொட்டால் தோளை விலக்குவது. ஒவ்வொன்றையும் இறகு பட்டதுபோல் தொடங்கி, பதில் வராவிட்டால் படிப்படியாகக் கூட்டி, பதில் வந்ததும் முழுதாக விடுங்கள். பின்பக்கத்தை விலக்கத் தெரிந்த குதிரை உதைக்கும் நிலைக்கு வரும்போது அதைத் திருப்பிவிடலாம். பின்னே நகரத் தெரிந்த குதிரை தீனித் தொட்டியில் உங்களை மோதாது. நல்லது செய்ததும் பிடரி முடியும் தோள் மேட்டில் சொறிந்துவிடுங்கள், அதற்குப் பிடித்த இடம் அது.

அடியைப் பற்றி ஒரு சொல். பயந்த குதிரையை அடித்தால், பயந்த பொருளுக்குப் பக்கத்தில் வலியும் இருக்கிறது என்று அது உறுதிசெய்துகொள்ளும்.

படி 6: ஒவ்வொரு நடத்தைக்கும்

*கடித்தல்.* கையால் தின்பண்டம் கொடுப்பதை எல்லோரும் நிறுத்த வேண்டும், வந்துபோகும் விருந்தாளிகளும். தொட்டியில் போடுங்கள். கடிக்க வாயைக் கொண்டுவந்தால் உடனே நாலு அடி பின்னே நகர்த்துங்கள், அதோடு விஷயம் முடிந்தது. மூக்கில் தட்டினால் அதை விளையாட்டாக்கும் அல்லது தலைகூச்சம் பிடிக்கும்.

*பின்னால் இழுத்தல்.* வெருண்டு கயிற்றை இழுக்கும்போது முன்னால் நின்று நீங்களும் இழுக்காதீர்கள். எட்டினால் முடிச்சை அவிழ்த்துவிடுங்கள், எட்டாவிட்டால் விலகி நில்லுங்கள். பிறகு தலையை இறக்கி அழுத்தத்துக்கு இணங்கும் பாடத்தை மறுபடி தொடங்குங்கள். அது தெரியும் வரை கட்டாமல் கயிற்றைத் தூணில் ஒரு சுற்று மட்டும் போட்டுப் பிடியுங்கள்.

*வெருளுதல்.* பொருளைக் கண்டும் இன்னும் புல் தின்னக்கூடிய தூரத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே நில்லுங்கள். தலை இறங்கி, கண் சிமிட்டி, பெருமூச்சு விட்டதும் திருப்பிக் கொண்டு போங்கள். அடுத்த முறை சில அடி கிட்ட. மேளச் சத்தத்துக்குத் தீனி நேரத்தில் கைபேசியில் மிக மெதுவாகத் தவிலைப் போட்டு, நாளுக்கு நாள் கூட்டலாம். அலைக்குப் பயந்தால், கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் அதிகாலையில், பழகிய குதிரை ஒன்றின் பின்னால் ஈர மணலில் நடத்துங்கள். வாடைக் கடலில் புதுக் குதிரையைப் பழக்க வேண்டாம். காய்ந்த ஆழ மணலில் வேகம் எடுத்தால் கால் தசைநாண் போகும்.

*வீட்டை விட்டு நகராமை.* வீட்டில் துணையும் தீனியும் ஓய்வும், வெளியில் பாரமும் வெயிலும் மட்டும் என்றால் நானும் நகர மாட்டேன். அது கலங்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்தி, ஒரு பிடி புல் கொடுத்துத் திரும்புங்கள். தூரத்தை மெல்லக் கூட்டுங்கள்.

*முன்னங்காலைத் தூக்குதல்.* மிக ஆபத்தானது, குதிரை உங்கள் மேல் மல்லாக்க விழலாம். ஏறியிருக்கும்போது தூக்கினால் உடனே முன்னே சாய்ந்து, பிடரியைப் பிடித்து, கடிவாள வாரைத் தளர்த்துங்கள். வாரில் தொங்கினால் குதிரையை நீங்களே மேலே இழுத்துக் கவிழ்ப்பீர்கள். கால் நிலத்தில் பட்டதும் முன்னே நடத்துங்கள், அப்புறம் இறங்கிவிடுங்கள். வாய், பல், முதுகு பார்த்த பிறகே மறுபடி ஏறுவது.

*துள்ளுதல்.* தலை கீழே போனால்தான் நன்றாகத் துள்ள முடியும். குதியைத் தாழ்த்தி நிமிர்ந்து அமர்ந்து, ஒரு வாரால் தலையைப் பக்கவாட்டில் உயர்த்தி, முன்னே போகச் செய்யுங்கள்.

*தறிகெட்டு ஓடுதல்.* இரு வாரையும் ஒரேயடியாக இழுத்துப் பிடித்தால் அதன்மேல் சாய்ந்துகொண்டே ஓடும். பின்னே அமர்ந்து, ஒரு கையால் பிடரியைப் பிடித்து, மறு கையால் ஒரு வாரை இழுத்து விட்டு, இழுத்து விட்டு, பெரிய வட்டத்தில் திருப்பி மெல்லச் சுருக்குங்கள். முழு வேகத்தில் சட்டென்று திருப்பினால் இருவரும் விழுவீர்கள். ஒரு வாரால் நிறுத்தும் பாடத்தை நடையில் இருக்கும்போதே இரு பக்கமும் பழக்கியிருந்தால்தான் அந்த நேரத்தில் கை தானாகச் செய்யும்.

வேறு கைக்கு விட வேண்டிய நேரம்

காதை ஒட்டிப் பல்லைக் காட்டி ஆளைத் தேடி வந்து தாக்கும் குதிரை, திரும்பத் திரும்ப மல்லாக்கச் சாயும் குதிரை, பொலிக்குதிரை, இவற்றைத் தனியாளாகத் திருத்தப் போகாதீர்கள். இனப்பெருக்கத்துக்குத் தேவையில்லாத ஆண் குதிரைக்கு மிருக வைத்தியரிடம் காயடிப்பது அதற்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது. சிறுவர்கள் ஏறும் குதிரை இந்தப் பட்டியலின் எந்த நடத்தையையும் காட்டினால், காரணம் தெரியும் வரை பிள்ளைகளை ஏற்றவே வேண்டாம்; பணம் கட்டி வரிசையில் நின்றாலும் சரி.

யாராவது விழுந்தால் முதலில் குதிரையை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். மயங்கியிருந்தாலோ கழுத்து, முதுகு வலி என்றாலோ தூக்கி ஓட்டோவில் போடாதீர்கள், 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். எழுந்து நடந்தாலும் தலை அடிபட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். லாயத்து மண்ணில் பட்ட காயம் என்றால் ஏற்பு ஊசியும் கேளுங்கள், குதிரைக்கும் அந்தத் தடுப்பூசி தவறாமல் இருக்கட்டும்.

மிருக வைத்தியர் வரும் நேரத்தில் குதிரை பெரும்பாலும் சாதுவாக நிற்கும். ஆகவே கடித்த, உதைத்த ஒவ்வொரு முறையும் நேரம், வெயில், என்ன தீனி கொடுத்தீர்கள், யார் பக்கத்தில் நின்றார்கள், சேணம் போட்டிருந்ததா என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். பாதுகாப்பான தூரத்தில் நின்று இன்னொருவர் கைபேசியில் வீடியோவும் எடுக்கட்டும். சேணம் போடும்போது, ஏறும்போது, நேராக நடக்கும்போது, வட்டத்தில் ஓடும்போது என்று நாலு துண்டு இருந்தால் வைத்தியர் எங்கே தொட வேண்டும் என்பதை அதிலிருந்தே பிடித்துவிடலாம்.